வாசலில் நின்ற ஆண்டுகள்



விளையாட்டுச் செய்திகளைப் படிக்கும்பொழுது நாம் பெரும்பாலும் யார் வென்றார், யார் தோற்றார், எத்தனை கோல் என்ற மூன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம். வேறோர் எண்ணும் உண்டு. அதைத் தேடிப் பார்ப்பவர் குறைவு. ஓர் ஆட்டத்தை ஆடவர் ஓர் அரங்கில் ஆடத் தொடங்கிய ஆண்டுக்கும், அதே அரங்கில் அதே ஆட்டத்தை ஆட மகளிருக்கு இடம் கிடைத்த ஆண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் அந்த எண். இன்று அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பேச்சு தொடங்குமிடம் சிங்கப்பூர். போய்ச் சேருமிடம், நம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலை.

தென்கிழக்காசிய நாடுகள் தமக்குள் இரண்டாண்டுக்கு ஒரு முறை பெருவிளையாட்டு விழா ஒன்றை நடத்தி வருகின்றன. 1959-ஆம் ஆண்டு பாங்காக் நகரில் சிறிய அளவில் தோன்றிய விழா அது. 2015-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிங்கப்பூர் அதனை ஏற்று நடத்தியது. அவ்விழாவில்தான் ஃப்ளோர்பால் என்னும் ஆட்டத்திற்கு முதன்முதலாகப் பதக்கங்கள் வழங்கப்பெற்றன. ஆடவர் பிரிவிலும் மகளிர் பிரிவிலும் சிங்கப்பூர் அணிகளே தங்கம் பெற்றன. நம் நாட்டில் இதனைக் கவனித்தவர் மிகச் சிலராகவே இருப்பர். ஆயினும் மகளிர் போட்டியும் ஆடவர் போட்டியும் ஒரே விழாவில், ஒரே ஆண்டில் நுழைந்தன என்பதைக் கவனியுங்கள். இங்கே இடைவெளி சுழியம். இச்சுழியம் எத்துணை அரியது என்பதைப் பின்னர்க் காண்போம். முதலில் ஆட்டத்தை அறிந்துகொள்வோம்.

ஃப்ளோர்பால் என்பதைத் தரைப்பந்து என்று தமிழில் வழங்கலாம். ஹாக்கியின் ஒன்றுவிட்ட தங்கை என்று இதைச் சொன்னால் பொருந்தும். கூரையுள்ள கூடத்தில், 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில் ஆடுவது. தளத்தைச் சுற்றி அரை மீட்டர் உயரத்தில் பலகை வேலி நிற்கும். அதன் மூலைகள் வளைந்திருக்கும். பந்து வேலியில் மோதி மீண்டும் தளத்துக்குள் ஓடி வரும். ஆகவே ஆட்டம் அடிக்கடி நிற்பதில்லை. பக்கத்துக்கு ஐவர் ஓடி ஆடுவர், ஆறாமவர் கோல்காவலர். கோல்காவலருக்கு மட்டை கிடையாது. 160 செண்டிமீட்டர் அகலமும் 115 செண்டிமீட்டர் உயரமும் உள்ள சிறிய கோலின் முன் அவர் முழந்தாளிட்டு, கையாலும் உடலாலும் பந்தைத் தடுக்கிறார். அவரைக் காணும்பொழுது, இந்த ஆட்டத்தில் மிகுந்த துணிவு வேண்டியவர் அவரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பந்தின் எடை 23 கிராம். உள்ளே வெறுமையான பிளாஸ்டிக் பந்து. அதில் 26 துளைகள். ஹாக்கிப் பந்தோ ஏறத்தாழ 160 கிராம். ஏழு மடங்கு வேற்றுமை! பந்து இலேசு, மட்டையும் இலேசு; ஆகவே தோள்வலிமையைக் காட்டிலும் மணிக்கட்டின் நயமும் கண்ணின் விரைவும் இங்கே பயன் தருகின்றன. விதிகளும் அதற்கேற்பவே அமைந்துள்ளன. எதிராளியின் மட்டையை அடித்தல், தூக்குதல், அழுத்துதல் ஆகியவை குற்றம். முழங்காலுக்கு மேலே வரும் பந்தை மட்டையால் ஆடுதல் குற்றம். துள்ளிக் குதித்துப் பந்தை ஆடுதலும் கூடாது. முழுமையான பந்தயம் என்றால் இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே ஆட்டக்காரர்கள் மாறிக்கொள்ளலாம். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். ஓர் அணிக்கு இருபது பேர் வரை இருப்பதன் காரணம் இதுவே. ஐவர் முழு மூச்சாகச் சிறிது நேரம் ஓடிவிட்டு வெளியே வர, வேறு ஐவர் உள்ளே பாய்கின்றனர். தனியொருவருடைய புகழைவிட இத்தகைய ஐவர் குழுக்களின் ஒழுங்கே ஆட்டத்தின் போக்கைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இதன் பிறப்பு வரலாறு பெருமை பேசத் தக்கதன்று. 1950-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிள்ளைகள் விளையாடுவதற்கென்று பிளாஸ்டிக் மட்டைகள் செய்து விற்றார்கள். அவை கடல் கடந்து சுவீடன் நாட்டை அடைந்தன. வெளியே பனி கொட்டும் மாதங்களில் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் ஆடுவதற்கு இவை வசதியாக இருந்தன. பொம்மையாக வந்தது ஆட்டமாக வளர்ந்தது. 1981-இல் சுவீடனில் தேசியச் சங்கம் ஏற்பட்டது. 1986-இல் சுவீடன், பின்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் ஹுஸ்க்வார்னா என்னும் சுவீடன் நகரில் கூடிப் பன்னாட்டுச் சம்மேளனத்தை நிறுவின.

இனி நாம் எடுத்துக்கொண்ட கணக்குக்கு வருவோம்.

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951-இல் புதுதில்லியில் தொடங்கின. அந்த முதல் விழாவிலேயே மகளிர் தடகளத்தில் ஓடினார்கள் என்பது உண்மை. குழுவாக ஆடும் ஆட்டங்களின் கதை வேறு. கூடைப்பந்தில் ஆடவர் 1951-இல் ஆடினர். மகளிருக்கு 1974-ஆம் ஆண்டு டெஹ்ரான் விழாவில்தான் இடம் கிடைத்தது. இடைவெளி 23 ஆண்டுகள். கால்பந்தில் ஆடவர் 1951, மகளிர் 1990; இடைவெளி 39. ஹாக்கியில் ஆடவர் 1958, மகளிர் 1982, இடைவெளி 24. நம் மண்ணின் ஆட்டமான கபடியிலாவது நிலைமை வேறாக இருந்ததா? ஆடவர் கபடி 1990-இல் பெய்ஜிங்கில் நுழைந்தது. மகளிர் கபடி 2010-இல் குவாங்சௌவில் நுழைந்தது. இருபது ஆண்டுகள். வாலிபால் ஒன்றுதான் சற்றுத் தாராளமாக நடந்துகொண்டது. 1958-இல் ஆடவர், 1962-இல் மகளிர். ஒலிம்பிக்கைப் பார்த்தால் தலை சுற்றும். ஹாக்கி ஆடவருக்கு 1908-இல் வந்தது. மகளிருக்கு 1980-இல் மாஸ்கோவில் வந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! ஒரு பெண் பிறந்து வளர்ந்து பாட்டியாகும் காலம் அது.

வாசல் திறந்தவுடன் என்ன நிகழ்ந்தது என்பதற்கு 1982-ஆம் ஆண்டின் தில்லி விழாவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆடவர் ஹாக்கி இறுதிப் பந்தயத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் ஒன்றுக்கு ஏழு என்ற கணக்கில் தோற்றது. நாடே துயரில் மூழ்கியது. அத்தோல்வியைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதே விழாவில், முதன்முதலாக ஆசிய அரங்கில் இறங்கிய மகளிர் ஹாக்கியில், எலிசா நெல்சன் தலைமையில் ஆடிய இந்தியப் பெண்கள் தங்கம் வென்றார்கள். தோற்ற பந்தயத்தின் கணக்கைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் பலரை நீங்கள் காணலாம். வென்ற அணியின் தலைவியின் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

இத்தனை ஆண்டுகள் ஏன் காக்க வைத்தார்கள்? வன்மம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எளிது; ஆனால் உண்மை பல இழைகள் கொண்டது. உடல் தாங்காது என்ற எண்ணம் ஓர் இழை. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மகளிர் 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஓடி முடித்தவர்கள் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-இல் ரோம் நகரில்தான் அது திரும்பி வந்தது. களைத்துச் சாய்ந்த ஆடவருக்காக எந்த ஓட்டத்தையும் எடுத்ததாக நான் படித்ததில்லை. இன்னோர் இழை சங்கங்களின் அமைப்பு. ஹாக்கியில் ஆடவருக்கான பன்னாட்டுச் சம்மேளனம் 1924-இலும், மகளிருக்கான தனிச் சம்மேளனம் 1927-இலும் ஏற்பட்டன. மகளிர் சங்கத்தார் பதக்கப் போட்டிகளைக் காட்டிலும் நட்புப் பந்தயங்களையே விரும்பினார்கள். தம் ஆட்டத்தைத் தாமே நடத்திக்கொள்ளும் உரிமையை அவர்கள் அப்படிக் காத்தார்கள் என்பதையும் நாம் மதிக்க வேண்டும். ஆயினும் அதன் விலை, ஒலிம்பிக் வாசல் நெடுநாள் அடைத்தே கிடந்தது. இரண்டு சம்மேளனங்களும் 1980-களின் தொடக்கத்தில்தான் ஒன்றாயின.

ஃப்ளோர்பால் இத்தகைய பழஞ்சுமை ஏதும் இன்றிப் பிறந்தது. பள்ளிக்கூடத்துக் கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மட்டையை எடுத்துப் பழகிய ஆட்டம் அது. ஆடவர் உலகப் போட்டி 1996-இல் தொடங்கியது. மகளிர் உலகப் போட்டி அடுத்த ஆண்டே, 1997-இல், பின்லாந்தைச் சேர்ந்த ஓலாண்ட் தீவில் நடந்தது. 2005-ஆம் ஆண்டு அம்மகளிர் உலகப் போட்டியைச் சிங்கப்பூர் ஏற்று நடத்தியது. சுவிட்சர்லாந்து வாகை சூடியது. அதற்குப் பத்தாண்டு கழித்து அதே சிங்கப்பூரில் மகளிர் தங்கப் பதக்கம் உருவானதில் வியப்பு ஏதும் இல்லை. உலகத்தின் சிறந்த மங்கையர் ஆடியதைத் தம் ஊரிலேயே கண்ட சிறுமிகள் பத்தாண்டில் வளர்ந்துவிடுகிறார்கள் அல்லவா?

ஆனால் இந்த ஆட்டத்தையும் குறையின்றிப் புகழ்ந்துவிட இயலாது. ஒலிம்பிக்கில் இடம்பெறாத ஆட்டங்களுக்கென்று உலக விளையாட்டுப் போட்டிகள் என்ற விழா ஒன்று உண்டு. அதில் 2017-இல் போலந்திலும், பின்னர் 2022-இல் அமெரிக்காவிலும் ஆடவர் ஃப்ளோர்பால் மட்டுமே நடந்தது. மகளிர் 2025-இல் சீனாவின் செங்டு நகரில்தான் நுழைந்தார்கள். இளைய ஆட்டமும், தனக்கென்று கட்டிய வீட்டில் காட்டிய நீதியைப் பிறர் வீட்டில் இடம் குறுகியபொழுது மறந்துவிட்டது. இரண்டு அணிகளுக்கு இடமில்லை, ஓர் அணிக்கே இடம் என்றால், எந்த அணி உள்ளே செல்லும் என்பதை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நுழைவது ஒன்று, நிலைப்பது மற்றொன்று. தென்கிழக்காசிய விழாவில் தடகளம், நீச்சல் போன்ற சில ஆட்டங்களே கட்டாயமானவை. மற்றவற்றுள் பலவற்றை, விழாவை நடத்தும் நாடே தேர்ந்தெடுக்கிறது. 2015-இல் சிங்கப்பூரில் அரங்கேறிய ஃப்ளோர்பால், 2017-இல் கோலாலம்பூர் விழாவில் இல்லை. அங்கே கூடத்துக்குள் ஆடும் ஹாக்கிக்கு இடம் கிடைத்தது. 2019-இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் திரும்பி வந்தது. அப்பொழுதும் சிங்கப்பூர் மகளிரே தங்கம் பெற்றனர். பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022-இல் வியட்நாமில் நடந்த விழாவில் மீண்டும் காணோம். 2023-இல் கம்போடியாவில் மறுபடியும் உண்டு. 2015-இல் பதினெட்டு வயதில் ஆடிய ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அடுத்த வாய்ப்பு வரும்பொழுது அவளுக்கு வயது இருபத்திரண்டு. அதற்கு அடுத்தது இருபத்தாறில். இடையே தேர்வு உண்டு, வேலை உண்டு, திருமணம் பற்றிய பேச்சு உண்டு. அடுத்த விழாவில் தன் ஆட்டம் இருக்குமா என்று அறியாமலேயே ஒவ்வொரு வாரமும் கூடத்துக்குச் சென்று பயிற்சி செய்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பதக்கத்தை விட அந்தப் பயிற்சிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இனி நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். குடைவரையில் நரசிம்மர் வீற்றிருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மேற்கே திரும்பும் சாலை ஒரகடத்துக்கும், அப்பால் ஸ்ரீபெரும்புதூருக்கும் செல்கிறது. ஒரு தலைமுறைக்குள் அந்தப் பகுதி மோட்டார் வாகனங்களும் டயர்களும் கைப்பேசிகளும் செய்யும் தொழிற்பெருவழியாக மாறிவிட்டது. முறை மாறும் வேளைகளில் ஆலைப் பேருந்துகள் வரிசையாகச் செல்வதை அவ்வட்டார மாணவர்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். மின்னணு ஆலைகளுக்குச் செல்லும் பேருந்துகளில் இருப்பவர்களுள் மிகப் பலர் இளம்பெண்கள்; பள்ளிப் படிப்பை முடித்து வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், மகளிர் தொழிலாளர் தங்குவதற்கென்று சிப்காட் நிறுவனம் கட்டிய குடியிருப்பு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறந்து வைக்கப்பெற்றது. 18,720 பேர் தங்கத்தக்க இடம் அது.

கணக்கு ஆசிரியர் கேட்பதுபோல் நானும் ஒன்று கேட்கிறேன். ஓர் அணிக்கு இருபது பேர் என்றால் 18,720 பேரில் எத்தனை அணிகள்? விடை 936. எல்லோரும் மட்டை எடுக்கப் போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நூற்றில் ஐவர் ஆட முன்வந்தாலும் 46 அணிகள் தேறும். ஒரு பெரிய போட்டித் தொடரே நடத்தலாம். இவர்களுள் பள்ளியில் கபடியோ கோ-கோவோ வாலிபாலோ ஆடி, வட்டாரப் போட்டி, மாவட்டப் போட்டி வரை சென்று, பன்னிரண்டாம் வகுப்போடு காலணியைக் கழற்றி வைத்தவர்கள் நிச்சயமாக இருப்பார்கள். ஆலைக்கு வந்த ஒரு பெண் எத்தனை கருவிகளைப் பொருத்தினாள் என்பதற்கு ஏடு உண்டு. அவள் எந்த ஆட்டத்தை விட்டுவிட்டு வந்தாள் என்பதற்கு ஏடு இல்லை.

தொழிலும் விளையாட்டும் ஒன்றையொன்று தாங்கிய மரபு நமக்குப் புதிதன்று. இரயில்வே துறை பல தலைமுறைகளாக வீராங்கனைகளுக்கு வேலையும் கொடுத்து, ஆடுவதற்கு நேரமும் கொடுத்து வந்திருக்கிறது. தேசிய மகளிர் ஹாக்கியில் இரயில்வே அணி பெற்ற வெற்றிகளுக்கு அதுவே அடிப்படை. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலையின் பெயரைப் பெட்டிகளால் மட்டுமன்றி, அதன் விளையாட்டு அணிகளாலும் சென்னை அறியும். பொதுத்துறையில் வேர்விட்ட அந்த மரபு ஒரகடத்தின் தனியார் ஆலைகளில் எவ்வளவு தூரம் வேர்விடும் என்பது நம் காலத்தின் கேள்வி.

பெண்கள் நேரமில்லை என்று சொன்னால் அதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. முறைப்பணி என்பது வாரந்தோறும் உறக்கத்தையே இடம் மாற்றி வைக்கும் வாழ்க்கை. பதினோரு பேர் ஒன்றாகக் கூடி ஒரு முழுத் திடலில் ஆடுவது அவர்களுக்கு இயலாத செயலாகலாம். வெயில் இன்னொரு தடை. இரவில் தனியே திடலுக்குச் சென்று வருவது மற்றொரு தடை. கூரையின் கீழ், தங்குமிடத்துக்குள்ளேயே, ஆளுக்குச் சிறிது நேரம் மாறி மாறி ஆடக்கூடிய ஓர் ஆட்டம் இத்தடைகளுள் சிலவற்றையேனும் கடக்கும். ஃப்ளோர்பாலை மூவருக்கு மூவர் என்று சிறிய தளத்திலும் ஆடுகிறார்கள். 40-க்கு 20 என்ற அளவோ, ஹேண்ட்பாலுக்கும் ஃபுட்சால் என்னும் சிறுகால்பந்துக்கும் உரிய அளவேதான். ஒரு கூடம் கட்டினால் மூன்று ஆட்டங்களுக்கு ஆகும். ஒரகடத்தில் பொருள்களை அடுக்கி வைக்கும் கொட்டகைகளை நோக்கும்பொழுது, 800 சதுர மீட்டர் என்பது அங்கே ஒரு மூலை என்றே தோன்றும்.

இப்படிச் சொல்வதால் கபடியை விட்டு அயல் ஆட்டத்தைப் பிடியுங்கள் என்று நான் கூறுவதாக எண்ண வேண்டா. கபடியே நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த செய்தியைத் தருகிறது. 2010-இல் ஆசிய விழாவில் நுழைந்த இந்திய மகளிர் அவ்வாண்டும் 2014-இலும் தங்கம் வென்றனர். 2018-இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் 24-க்கு 27 என்று தோற்றனர். அந்த ஈரானிய மகளிரைப் பயிற்றுவித்தவர் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற இந்தியப் பெண்மணியே. 2023-இல் ஹாங்சௌவில் சீனத் தைப்பேயை 26-க்கு 25 என்று ஒரே புள்ளியில் வென்று, அவ்விழாவில் இந்தியாவின் நூறாவது பதக்கத்தை மகளிர் கபடியினரே பெற்றுத் தந்தனர். 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடி முதன்முறையாகச் சேர்க்கப்பெற்றது. அங்கே ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே ஆண்டில் நுழைந்தார்கள். இங்கும் இடைவெளி சுழியம். தங்கம் வென்ற பெண்கள் அணியில், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகா ஆடினார். நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பெற்ற குடும்பங்கள் குடியேறிய இடம் கண்ணகி நகர். இளையோர் அரங்கில் பெண்கள் கபடி இன்னும் இருபதாண்டு கழித்து வந்திருந்தால், கார்த்திகாவின் தலைமுறை அந்தப் பதக்கத்தை வேடிக்கை பார்த்திருக்கும்.

ஆகவே எந்த ஆட்டம் என்பது இரண்டாவது கேள்வி. நம் தொழிற்பெருவழியில் கூரையிட்ட விளையாட்டுக் கூடங்கள் வருங்காலத்தில் எழலாம். அவற்றில் தரைக்கு வண்ணக் கோடு போடும் நாளிலேயே, கிழமைகளைப் பிரித்து ஒரு பலகை எழுதி வாயிலில் மாட்டவும் வேண்டும். ஆடவருக்கு எந்தக் கிழமை, மகளிருக்கு எந்தக் கிழமை, இரவு முறை முடிந்து காலை ஆறு மணிக்குப் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் உறங்கி எழுந்தபின் ஆடுவதற்கு எந்த மணி என்பன அனைத்தும் அந்த ஒரே பலகையில், அந்த ஒரே நாளில் எழுதப்பட வேண்டும்.